கட்டைவிரல் காட்டும் வேலை

யூட் தன் வேலையைப் பற்றிச் சொன்னால் சனம் சிரிக்கும். ரோலர் கோஸ்டரை அனுப்புகிற வேலை. ஆக்லாந்தின் தெற்கே, விரி என்ற புறநகரின் குடோன்கள் முடிகிற இடத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே மேட்டில் முனகிக்கொண்டே ஏறுகிற அந்த வண்டிக்குப் பெயர்ப்பலகையில் இடி, மின்னல் என்று ஏதோ எழுதியிருக்கும். யூட்டும், கூட வேலை செய்யும் யோகராணியும் அதைப் "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள்.

ஆட்களை ஏற்றி இருத்திய பிறகு யோகராணி முன் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடப்பாள். மடிக்கு மேலே இறங்கும் கம்பியைக் கீழே அமத்துவாள். பிறகு மேலே இழுத்துப் பார்ப்பாள். அமத்தினால் மட்டும் போதாது, பூட்டியிருக்கிறதா என்பது இழுத்தால்தான் தெரியும். எல்லாம் சரியென்றால் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்று கட்டைவிரலை உயர்த்துவாள். ஏதும் பிழையென்றால் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். மேடையில் அவள் ஒரு பொத்தானையும், கண்ணாடி அறைக்குள் யூட் ஒரு பொத்தானையும் ஒன்றாக அமத்திப் பிடித்தால்தான் பெரியவர் அசைவார். ஒற்றை ஆளுக்கு மசியமாட்டார்.

இதில் இன்னொரு விதியும் உண்டு. விரலைக் காட்டுமுன் இருவரும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்! மூன்று வருடமாக யூட் சம்பளமும் வாங்கிக்கொண்டு யோகராணியின் கண்ணைப் பார்த்து வருகிறான்.

மன்னாரில் தங்கைமாரை ஒவ்வொருத்தியாகக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது யூட்டின் தலை நரைத்திருந்தது. அதற்குமேல் தனக்கென்று ஒன்றைக் கேட்கிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிற்று. யோகராணி யாழ்ப்பாணத்துக்காரி, புருஷனை இழந்தவள். வேலைக்கு வந்த முதல் நாளே, "யூட் அண்ணை, இந்தப் பொத்தான் எதுக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், விழுந்தது பூட்டு. அண்ணை என்று கூப்பிடுகிறவளிடம் என்னத்தைக் கேட்பது? அவனும் பதிலுக்குத் "தங்கச்சி" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் மட்டும் கடைசி வரை அவன் வாயில் வரவில்லை. "இஞ்சை பாருங்கோ" என்றே காலத்தை ஓட்டினான்.

அவன் இருப்பது மவுண்ட் ஆல்பர்ட்டில். அவள் லின்ஃபீல்டில் வாடகை அறையில் இருந்தாள். தினமும் காரில் ஏற்றிப் போவான். "வழியிலைதானே இருக்கு," என்பான். லின்ஃபீல்ட் வழியில் இல்லை என்பது வரைபடம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் அவள் அதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பயணமும் முடியப்போகிறது. மெல்பேர்னில் கலியாணம் கட்டியிருக்கும் அவள் மகள் பிரசாந்தி, "அங்கை தனிய இருந்து என்ன செய்யிறியள் அம்மா?" என்று கேட்டுக் கேட்டே தாயைக் கரைத்துவிட்டாள். திங்கட்கிழமை விமானம். சேதி கேட்ட நாளிலிருந்து யூட்டுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்பதற்கு வாய் திறப்பான், "அண்ணை, ஒரு தேத்தண்ணி குடியுங்கோ," என்று அவள் பிளாஸ்க்கை நீட்டுவாள், வாய் மூடிக்கொள்ளும்.

வேலையை விட்டுப் போகிறவரை முன் சீட்டில் தனியாக இருத்தி ஒரு சுற்று அனுப்புவது பூங்காவின் வழக்கம். அவளுடைய கடைசி நாள் மாலை, சனமெல்லாம் போன பிறகு, வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளன் ஜனார்த்தன், கோயம்புத்தூர்க்காரன், கண்ணாடி அறைக்குள் போய் நின்றான். "இன்னைக்கு நீங்க செக் பண்ணி அனுப்புங்கண்ணே," என்றான்.

யூட் குனிந்து அவள் மடிக்கு மேலே கம்பியை அமத்தினான். இழுத்தான். பூட்டியிருந்தது. மறுபடியும் இழுத்தான்.

"பூட்டிட்டுது, அண்ணை," என்றாள் யோகராணி மெல்ல.

"ஓம்."

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றான். ஜனார்த்தன் அவன் கண்ணைப் பார்த்தான். விரலை உயர்த்தினால் முடிந்தது கதை. ஒரு சுற்று, காரில் கடைசித் தடவை லின்ஃபீல்ட், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யூட்டின் கைகள் எழும்பின. எழும்பி, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன.

"என்னண்ணே, லாக் ஆகலையா?" என்றது ஒலிபெருக்கி.

"பூட்டெல்லாம் சரி, தம்பி. எனக்குத்தான் அனுப்ப ஏலாமக் கிடக்கு." யூட் அவள் பக்கம் திரும்பினான். "போகாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டுவமோ எண்டு கேக்கிறன். விருப்பமில்லாட்டி இப்பவே விரலைக் காட்டிவிடுறன். ஆனா இனி என்னை அண்ணை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எழும்பிப் போகவும் முடியாதபடி கம்பிக்குள் பூட்டி வைத்துவிட்டா ஒரு பெண்ணிடம் இதைக் கேட்பது?

"ஜனா, கம்பியைத் திற!" என்று கத்தினான்.

கம்பி விடுபட்டு மேலே போயிற்று. இனி அவள் இறங்கிப் போகலாம். அவன் தலையைக் குனிந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் இறங்கவில்லை. தள்ளிப் பக்கத்துச் சீட்டில் போய் இருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு.

"ஒவ்வொரு நாளும் ஒரு ஆம்பிளையின்ர காரிலை ஏறி வாறன். சனத்தின்ர வாய்க்குப் பயந்து சொன்ன அண்ணை அது. மூண்டு வருசமா உங்கட கண்ணைப் பாத்துக்கொண்டு நிண்டனே, விதிக்காகத்தான் எண்டு நினைச்சியளோ?" தான் இருந்த சீட்டில் விழுந்திருந்த தூறலைக் கையால் துடைத்தாள். "வந்து இருங்கோ, யூட்."

யூட் போய் இருந்தான்.

ஜனார்த்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, ரெண்டு பேரும் ஏறிட்டா மேடைப் பட்டன யாரு அமுக்குறது? வண்டி எப்படிப் போகும்?"

"போக வேண்டாம்," என்றாள் யோகராணி.