சாயத்தைக் கக்கிய சுவர்

ஊசிக்காது சந்தின் ஒன்பதாம் எண் வீட்டுச் சுவர், சாயம் அடித்த மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வாந்தி எடுத்தது. பெரிய விளையாட்டுப் போட்டி வரப்போகிறதென்று பெய்ஜிங்கின் பழைய சந்துகளை அந்த ஆண்டு அழகுபடுத்தினார்கள். சாம்பல் நிறச் செங்கல் மேலேயே சாம்பல் நிறச் சாயம், அதன்மேல் வெள்ளைக் கோடு கிழித்துச் செங்கல் போலவே படம். அரசர் காலத்துச் செங்கலுக்குச் செங்கல் வேஷம். தூ! இந்த அசிங்கத்தை எந்த வயிறுதான் தாங்கும்? நான்கு முறை அடித்தார்கள், நான்கு முறையும் கக்கியது. அடுத்த வருஷம் சந்து முழுவதையும் இடித்து அதே இடத்தில் 'பழைய தெரு' ஒன்றைப் புதிதாகக் கட்ட ஆணை வந்தபோது, மற்ற வீடுகள் ஒரே வாரத்தில் மண்ணாயின. ஒன்பதாம் எண் மட்டும் நின்றது. அதன் வாந்தி நெடிக்கு இடிக்கும் ஆட்கள் கிட்டவே வரவில்லை.

அந்த வீட்டில் பிறந்து, அங்கேயே சாக நினைத்திருந்த தோங் பாவ்ஷானுக்கு, அந்த நெடிதான் வீட்டைக் காக்கிறது என்பது உறைக்கவில்லை. சீக்காளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. வயிற்றுக் கோளாறுக்கு அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பச்சைப்பயறைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கஞ்சி. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். பெரிய தெரு முனையில் கடை வைத்திருந்த மா அக்காவிடம் இரண்டு குடம் வாங்கிச் சுவரின் அடியில் ஊற்றினார். சுவர் ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது. பத்தாம் நாள் இடிக்கும் இயந்திரம் வந்தது.

"கையக் கட்டிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல அண்ணே?" என்றாள் மா அக்கா. "உங்க வீட்ட நீங்களே வைத்தியம் பாத்துக் கொன்னுட்டீங்களே." தோங்குக்கு ஊருக்கு வெளியே பத்தொன்பதாம் மாடியில் ஒரு பெட்டி வீடு கொடுத்தார்கள். ஏழு வருஷம் அங்கே தன்னைத் தானே திட்டிக்கொண்டு கிடந்தார்.

புதிய பழைய தெருவுக்குப் பழைய களை வரவேண்டுமென்று, இடித்த செங்கலைப் பொடித்துக் கலவையில் கலந்திருந்தார்கள். திறப்பு விழா அன்று காலை ஆறே முக்காலுக்குத் தெரு முழுவதும் வாந்தி எடுத்தது. ஒட்டுக் கல், சாயம், பிளாஸ்டிக் விளக்கு எல்லாம் வெளியே வந்து விழுந்தன. மறுநாளும் அப்படியே, ஆறு வருஷமாக அப்படியே. கடைசியில் ஹாவ் என்ற அதிகாரி பத்தொன்பது மாடி ஏறி வந்து, "ஐயா, அந்தக் கஞ்சிய ஒரு தடவ ஊத்திட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

தோங் ஒரு செம்பு கஞ்சியோடு போனார். ஒன்பதாம் எண் இருந்த இடத்தில் நின்று, ஊர் வழக்கப்படி, "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று சுவரை விசாரித்தார். பிறகு ஹாவின் கண்ணெதிரிலேயே செம்பைக் கடைசிச் சொட்டுவரை தானே குடித்தார்.

"ஐயா, சுவருக்கு?"

"அதுக்கென்ன கேடு? ஒத்துக்காததக் கக்குது. நல்லாத்தான் இருக்கு."

இப்போது துப்புரவு ஆட்கள் ஏழு மணிக்கு வருகிறார்கள். கடைகள் எட்டரைக்குத் திறக்கின்றன.