அப்புத்துரையின் நீல மதில்

நெடுந்தீவு கிழக்கில் பழைய சிவன் கோயிலைத் தோண்டத் தொடங்கிய வாரம், ஊர் வேலிகளில் இருந்த கற்கள் தாமாகக் கழன்று கோயிலுக்குத் திரும்பிப் போயின. தேங்காய் விலை ஏறியதும் குறிகட்டுவான் துறைக்குப் போகிற படகு பழுதானதும் அதே வாரம்தான். ஊர் முதலில் படகைப் பற்றித்தான் பேசியது. எங்கள் தீவில் வேலி என்றால் கடலின் முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. பறங்கியர் இடித்துப்போட்ட கோயில் நானூறு வருடமாகப் புல் மூடிய மேடாகக் கிடக்க, வேலிக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் அங்கிருந்து கல் எடுக்காத குடும்பம் இல்லை என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆய்வாளர் பவதாரணி மாணவர்களோடு மேட்டைத் திறந்து, அத்திவாரத்தைத் தூரிகையால் துப்புரவாக்கியதும் கற்களுக்குத் தங்கள் இடம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கல்லாவது நடந்ததை எவரும் காணவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசையாது. தேத்தண்ணி ஊற்றப் போய்த் திரும்பினால் வேலியில் பொந்து இருக்கும், கல் கோயிலில் தன் பழைய வரிசையில் பொருந்தி இருக்கும். பவதாரணி முதலில் மாணவர்களை ஏசினாள், பிறகு ஊரை ஏசினாள், பிறகு வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் எண் போடத் தொடங்கினாள்.

ஊருக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஆருடைய வேலியில் எத்தனை பொந்து என்பதே பேச்சு. கனடாவிலும் பாரிசிலும் இருக்கிற பிள்ளைகளுக்குப் பொந்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். கிணற்றுக்கட்டு பாதி போன வீட்டுக்காரர் கலியாணப் பேச்சிலேயே அதைச் சொன்னார். பெரியவளவு அப்புத்துரைக்குத்தான் அடி. அந்தக் கோயில் தன் பாட்டன்மார் கட்டியது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி, அந்தப் பேச்சின் பலத்தில் ஊர்க்கூட்டங்களில் முன்கதிரையில் இருந்த மனிதர். தீவிலேயே நீளமான மதில் அவருடையது. வருடா வருடம் சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசுவார். அந்த மதிலிலிருந்து பேருக்கு ஒரு கல்கூட அசையவில்லை. “அண்ணை, உங்கடை கல்லெல்லாம் நல்ல நித்திரை போலை,” என்று கூட்டுறவுச் சங்கக்கடையில் கேட்டார்கள். அப்புத்துரை சங்கக்கடைக்குப் போவதையே விட்டார்.

கற்கள் அதிகம் போனது கடற்கரையில் கருவாடு போடுகிற றோஸின் வீட்டிலிருந்து. அவளுடைய மனுசன் அன்ரனிதாஸை ஒரு சோளகக் காற்றில் கடல் கொண்டுபோனது. அவர் விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான். அது முழுசும் கோயில் கல். முதலில் படி போனது, பிறகு விறாந்தைச் சுவர், பிறகு குசினி. மாரி வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பவதாரணி மனம் கேளாமல் வந்து, தோண்டுவதை நிறுத்தினால் கற்களும் நின்றுவிடும், நிறுத்தட்டுமா என்று கேட்டாள்.

“நிப்பாட்டாதையும் பிள்ளை,” என்றாள் றோஸ். “கருவாடு மணக்குதெண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போன சனம், இப்ப என்ர வீட்டைப் பாக்கவெண்டு வருகுது. கோயிலிலை என்ர கல்லுத்தான் கூடவெண்டு நீரே சொன்னனீர்.”

சொல்லி அனுப்பிவிட்டு, சுவர் போன இடத்தில் தறப்பாளை இழுத்துக் கட்டியபடி அழுதாள். பெருமைதான், ஆனால் தறப்பாள் எத்தனை மழைக்குத் தாங்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதி பூசைக்கும் மீதி நித்திரைக்கும் போயிருந்த மத்தியானம், அப்புத்துரை தன் மதிலின் பின்பக்கத்தைப் பிரித்து, கற்களைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எழுபது வயதில் பல தரம் ஓடினார். மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தன் கற்களைப் பார்க்கப் போனார். கோயிலில் ஒன்றும் இல்லை. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடிவந்தார். மதிலிலும் இல்லை. வாசல் படலையில் றோஸ் நின்றாள்.

“அண்ணை, உங்கடை நீலக் கல்லு என்ர குசினிச் சுவரிலை வந்து நிக்குது. சத்தியமா நான் எடுக்கேல்லை. வந்து கொண்டுபோங்கோ.”

போய்ப் பார்த்தார். குசினியில் கோயில் கல் போன ஒவ்வொரு பொந்திலும் ஒரு நீலக் கல், அளவெடுத்து வெட்டியது போல இருந்தது. அப்புத்துரை ஒன்றை இழுத்துப் பார்த்தார், கழற்ற ஏலவில்லை. அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பாட்டன்மாருடைய கதை பொய் என்பது அப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“கிடக்கட்டும்,” என்றார். “விறாந்தைக்கும் வேணுமெல்லோ?”

வீட்டுக்கு வந்து முற்றத்தில் கதிரையைத் திருப்பிப் போட்டு, மதிலுக்கு முதுகு காட்டி இருந்தார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார். “என்ன அண்ணை செய்யிறியள்?” என்று ரோட்டில் போனவர்கள் கேட்டார்கள். “பாக்காமல் இருக்கிறன்,” என்றார். முன்பக்க மதில் கல் கல்லாகப் போய் முடிய, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மேற்குப் பக்க மதிலுக்கும் முதுகு காட்டினார்.

மாரி அந்த வருடம் வெளுத்து வாங்கியது. றோஸின் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கோயில் தலைவாசல் வரைக்கும் தானே எழும்பி நிற்கிறது. பார்க்க வருகிறவர்களைப் பவதாரணி அதைக் காட்டிய கையோடு றோஸின் வீட்டுக்கும் கூட்டிப் போகிறாள். அப்புத்துரையின் வளவு நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. தீவில் கட்டில்லாமல் திரியும் குதிரைகள் வந்து வாழையைத் தின்கின்றன. கம்பி வேலியாவது போடச் சொன்னால், “என்ர மதில் றோஸ் வீட்டிலை நிக்குது, போய்ப் பாருங்கோ,” என்கிறார், சங்கக்கடையில், எல்லோருக்கும் கேட்க. நத்தார்ப் பண்டிகைக்கு றோஸ் வீடு முழுக்க வெள்ளை அடிக்கிறாள், அந்த நீலக் கற்களை மட்டும் விட்டுவிட்டு.