விடுன்னு சொன்னா ஏன் விட்டே?

என் அக்கா கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். இருட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கின் மேல் இரும்பு வளையத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லைப் போட்டுப் போட்டு எடுத்து, "முதல்ல காட்டினது தெளிவா, இப்போ காட்டறது தெளிவா?" என்று கேட்பது அவள் தொழில். மனிதர்கள் வேறெந்தக் கேள்விக்கும் இவ்வளவு பயந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு மேடம்."

இதே கேள்வியைக் கையில் கொடுத்து எங்களைக் கால்பந்து கிளப் தேட அனுப்பினாள்.

எங்களை என்றால் என்னையும் அவள் மகளையும். மகளுக்குப் பதினோரு வயது. குழந்தையிலிருந்தே எதையாவது பிடித்தால் விடமாட்டாள். கதவு, கம்பம், அத்தானின் கால், எதில் ஒட்டினாலும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் வீட்டில் பல்லி என்று பெயர். அப்படிப்பட்டவள் கோல் கீப்பர் ஆனதில் யாருடைய புத்திசாலித்தனமும் இல்லை. அவள் விளையாடிக்கொண்டிருந்த மைதானத்தைக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். புதிய கிளப் வேண்டும். சனி ஞாயிறு கடையில் கூட்டம், அக்காவால் நகர முடியாது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகள் எல்லாம் விடுமுறை நாள் பார்த்துத்தான் நடுவில் நிற்கும். ஆகவே கல்லூரியில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டு மாடியறையில் கிடக்கும் நான் நிபுணன் ஆனேன். கால்பந்தில் எனக்கு அனுபவம் உண்டு. பள்ளியில் ஒருமுறை பந்தைத் தலையால் அடித்திருக்கிறேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது.

"கிளப் பெரிசா, கப்பு வாங்கியிருக்காங்களான்னெல்லாம் பாக்காதே" என்றாள் அக்கா. "கோச்சிங் கல்ச்சர் எப்படின்னு பாரு." கடைக்கு வந்த யாரோ ஒரு அம்மா, ஒரு கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனதாம்.

"கல்ச்சர் லேப்ல குடுக்கறதாச்சே" என்றார் அத்தான். "போன வருஷம் எனக்குத் தொண்டையில எடுத்தாங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து, என்ன வளருதுன்னு பாத்துட்டுத்தான் ரிப்போர்ட்டே தந்தாங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எந்தச் சில்லும் தேவையில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு கெடு விதித்தாள். அடுத்த வாரக் கடைசிக்குள் கிளப் அமையாவிட்டால் பல்லிக்குக் கீபோர்டு கிளாஸ். கடைக்கு நேர் மேலே, மாடியில் நடக்கிறது. கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். பல்லி சிரித்தாள். அந்த நிலைமை வரும் என்று அவள் நினைக்கவில்லை.

சனிக்கிழமை முதல் கிளப். கிடங்குகளுக்குப் பின்னால் பொட்டல் மைதானம். பெற்றோர்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள் போல. கோச்சுக்குப் பெயர் விசில். வாயிலிருந்து அதை எடுக்கவே மாட்டார். எனக்கு வணக்கம் சொன்னதும் அதன் வழியாகத்தான். வாரநாட்களில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மாணவனுக்குப் பக்கத்தில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு வாழ்ந்து பழகிய மனிதர். மைதானத்தில் எங்காவது ஆபத்து தெரிந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பந்து நிற்காது. அந்தக் கோபத்தில் கத்துவார்.

பல்லியைக் கோலில் நிறுத்தினார்கள். பந்து வந்தபோதெல்லாம் "எனக்கு" என்று கத்திக்கொண்டு போய்ப் பிடித்தாள். கீப்பர் அப்படிக் கத்தினால் மற்றவர்கள் விலகிவிட வேண்டும். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரலா என்று பெற்றோர் வரிசை திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. முடிந்தது வேலை, மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பந்து எல்லோரையும் தாண்டி மெதுவாகக் கோலை நோக்கி உருண்டு வந்தது. விசில் காலை அழுத்தினார். பந்து நிற்கவில்லை. "விடு" என்று கத்தினார்.

பழைய கிளப்பில் 'விடு' என்றால் தொடாதே, வெளியே போகிற பந்து, போகட்டும் என்று அர்த்தம். பல்லி வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை விட்டாள். வழி தெரிந்த விருந்தாளி போலப் பந்து உள்ளே போய் வலையில் உட்கார்ந்தது.

விசிலின் அகராதியில் 'விடு' என்றால் ஓங்கி ஒன்று விடு, பந்து அந்தப் பக்கம் போய் விழ வேண்டும். அவர் கோல் வரைக்கும் நடந்தே வந்தார்.

"விடுன்னு சொன்னா ஏன் விட்டே?"

"நீங்கதான் சார் விடுன்னீங்க."

"விடுன்னா விடணும். இப்படியா விடுவாங்க?"

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு பல்லி "எனக்கு" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பந்து வந்தது. அவள் முன்னால் நின்ற பையனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான், பந்து இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் நடந்து வந்துவிட்டாள். பாதி வழியில்தான் கையுறைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் அக்கா விசாரித்தாள். கண்டிப்பான ஆளா? ஆமாம். கண்டிப்பு நல்லதாயிற்றே? ஆமாம். அப்படியானால் சேர்த்துவிடலாமா? நான் பல்லியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். இரும்பு வளையம் என் மூக்கை அழுத்துவது போல் இருந்தது. அடுத்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு வணிக வளாகத்தின் மொட்டை மாடியில் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் வலை கட்டியிருந்தார்கள். பெற்றோர்கள் கயிற்றுக்குப் பின்னால் பேசாமல் உட்கார வேண்டும். வாயைத் திறக்காமல் இருக்க ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். நான் இரண்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கோச்சுக்குப் பெயர் சூப்பர். பந்து கோலுக்குள் போனால் சூப்பர். வெளியே போனால் சூப்பர். ஒரு பையன் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டினான், அதற்கும் சூப்பர். ஒரு மணி நேரத்தில் அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. என் கல்லூரியை இவர் நடத்தினால் நான் எப்போதோ பட்டம் வாங்கியிருப்பேன்.

பல்லி வாயே திறக்காமல் கோலில் நின்றாள். ஒரு பந்து அவள் கைக்கடியில் புகுந்து உள்ளே போனது.

"சூப்பர். விடு விடு" என்றார் சூப்பர். போனால் போகிறது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

ஆனால் முந்தின நாள்தான் பல்லிக்கு 'விடு' என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துவைத்து ஓங்கி ஒன்று விட்டாள். அது கம்பளத்தைத் தாண்டி, வலையைத் தாண்டி, வளாகத்தைத் தாண்டிக் கீழே போனது. சற்று நேரத்தில் ஒரு கார் அலற ஆரம்பித்தது.

சூப்பர் எட்டிப் பார்த்தார். "சூப்பர் பவர்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது பல்லி கேட்டாள். "மாமா, நான் கோல் விட்டாலும் சூப்பர், பிடிச்சாலும் சூப்பர். கார் மேல போட்டாலும் சூப்பர். அவர் பாக்கறாரா, பாக்கலியா?"

என் வாயில் இரண்டாவது மிட்டாய் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்பதற்கு முன்பே பல்லி சொல்லிவிட்டாள். "நான் கீபோர்டு கிளாஸுக்கே போறேம்மா."

பயமுறுத்தத்தான் கீபோர்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். அது இப்படி எதிரே வந்து நின்றதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்லதுதானே" என்றாள். யாருக்கும் நல்லதாகப் படவில்லை. பல்லி தன் அறைக்குப் போகிற வழியில் கதவு நிலையைக்கூடப் பிடிக்கவில்லை. எப்போதும் அதைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

புதன்கிழமை சாயங்காலம் மாடியறைக்கு வந்தாள். "மாமா, குளவ்ஸை மட்டும் வாங்கிக் குடு."

கீபோர்டுக்கு எதற்குக் குளவ்ஸ் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில இடங்களில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியும்.

கிடங்குகளுக்குப் பின்னால் போனோம். அவள் கேட்டருகிலேயே நின்றுகொண்டாள். உள்ளே பயிற்சி நடக்கவில்லை. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் பல்லியின் கையுறைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விசில் நின்றிருந்தார். விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"நான் விடுன்னு சொன்னா நீ என்ன பண்ணுவே?"

ஒருவன் உதைப்பேன் என்றான். ஒருவன் தொடமாட்டேன் என்றான். மூன்றாமவன் எழுந்து நின்று, "நீங்க திட்டி முடிச்சுட்டீங்கன்னு நெனச்சுக்குவேன் சார்" என்றான். கடைசியில் இருந்த ஒரு சின்னப் பெண், தன்னைச் சொல்லவில்லை என்று எப்போதும் நினைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தார். அவருடைய உதடுகளை அன்றுதான் பார்த்தேன். சனிக்கிழமை "நீங்கதான் சார் விடுன்னீங்க" என்று அந்தப் பெண் சொன்னது நான்கு நாளாகக் காதிலேயே இருக்கிறது என்றார். இருந்தவர்களில் நான் ஒருவன்தான் பெரியவன் என்பதால் என்னிடம் முறையிட்டார். "கிளச்சை விடுன்னா எல்லாரும் ஒழுங்காதானே தம்பி விடறாங்க?" எனக்கு லைசென்ஸ் இல்லை என்றேன்.

சரி, இனிமேல் 'அடி' என்று சொல்கிறேன் என்றார் பிள்ளைகளிடம். போன வருஷம் அப்படித்தான் சொன்னீர்கள் என்று ஒருவன் தோளைத் தடவிக்கொண்டான். பக்கத்திலிருந்தவன் வேறு பக்கம் பார்த்தான். 'தூக்கு' என்றால்? அப்படிச் சொன்னபோது ஒருத்தி பந்தைக் கையாலேயே தூக்கிவிட்டாள், பெனால்டி ஆகிவிட்டது. 'தள்ளு' என்பதை யாரும் சொல்லிப் பார்க்கவே விரும்பவில்லை. விசில் கையுறைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் கத்தியது என்னவாயிற்று என்று கணக்குப் போடுகிற முகம்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார்."

கேட்டருகிலிருந்து வந்தது குரல். அதே பழைய குரல். பல்லி வட்டத்துக்குள் நடந்து வந்தாள்.

"கோல்ல நிக்கறவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் எனக்குன்னா எனக்கு. உனக்குன்னா முன்னாடி நிக்கறவங்களுக்கு. அவ்வளவுதான்."

விசில் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். எனக்கு. உனக்கு. "சரி" என்றார். பிறகு, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "அப்போ நான் என்ன பண்றது?"

பல்லி கொஞ்சம் யோசித்தாள். "பாருங்க சார்."

அவர் கையுறைகளை நீட்டினார். வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தோம். அவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் இதை நான் முழுசாகச் சொன்னேன். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. திட்டினவரிடமே போகிறாளா? தட்டிக்கொடுத்தவருக்கு என்ன குறை?

"அவர் கேக்கவே இல்லம்மா" என்றாள் பல்லி.

"என்ன கேக்கலை?"

"எதுவுமே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். "ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாம்" என்றார் அத்தான். கிளப்பையா, கோச்சையா, பல்லியையா என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து, சாட்சிகள் வரிசையில் நின்றாள். சாயங்கால ஆட்டம். விசில் வாயில் விசில் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஒவ்வொரு ஆபத்துக்கும் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது.

உயரமாக ஒரு பந்து வந்தது. "எனக்கு" என்று கத்தினாள் பல்லி. கிடங்குச் சுவரில் பட்டு இன்னொரு முறை கேட்டது. முன்னால் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவள் எம்பினாள். பந்து அவள் விரல்களுக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

விசில் கோலை நோக்கி நடந்தார். முகம் சிவந்திருந்தது. பல்லி கம்பத்தில் ஒரு கையை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், விசில் கழுத்தில் விழுந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

"வெயில், சார்."

அவர் அவளை நகரச் சொல்லிவிட்டு, அவள் நின்ற இடத்தில் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து நின்றார். நெற்றியில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். முழு மைதானமும் காத்திருந்தது. "ஆமா" என்றார். "ஒண்ணும் தெரியலை."

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டே சம்பளம் வாங்கும் என் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அவர் எங்களைத் தாண்டித் திரும்பிப் போகும்போது நின்றார். "மேடம், நின்னுட்டே இருக்கணும்னு இல்ல. நீங்க விட்டுட்டுப் போங்க" என்றார்.

அவர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள். "எதைடா விடச் சொல்றார்?"

கோலில் பல்லி இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு முன்னால் நின்றவனை அதட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த பந்து கிளம்பியது. குனிந்து பார்த்தேன். அக்காவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.