பால் பொங்கிய அடுப்பு

சண்டையால் மண்ணெண்ணெய் வருவது நின்றபின் குணலட்சுமி விறகில் சமைத்தாள். அவளுக்கு முட்டு வருத்தம்; புகை பட்டால் இழுக்கும். சோறு வடிப்பதற்குள் மூன்று தரம் மூச்செடுக்க முற்றத்துக்கு ஓடுவாள். மருந்து புத்தூரில் எங்கும் இல்லை.

அவளுடைய கணவர் பஞ்சலிங்கம், மூடிப்போன ஆலை ஒன்றில் இயந்திரம் திருத்தியவர். இடிந்த பங்களா ஒன்றின் குசினியில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பைக் கண்டார். புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாய் அதில் இருந்தது. அதற்காகவே கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிவந்தார்.

ஐம்பது நாள் வேலை. தேங்காய்ப் பொச்சும் செங்கல் தூளும் போட்டு இரும்பில் பிடித்த கறளைத் தேய்த்தார். மூட்டுகளைக் களிமண்ணும் சாம்பலும் குழைத்து அடைத்தார். மேல்தட்டுக்கு இலுப்பெண்ணெய் பூசினார். அடுப்பு சூடாக இருக்கும்போது ஒரு துளி பச்சைத்தண்ணீர் படக்கூடாது, இரும்பு வெடித்துவிடும் என்று குணலட்சுமிக்கு இரண்டு தரம் சொன்னார்.

நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பாலுடன் வந்த அவருடைய அக்கா இரத்தினம்மா அடுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"உவன் இரும்பையே கலியாணம் கட்டியிருக்கலாம்," என்றாள்.

நல்லநேரம் எட்டுப் பத்துக்கு முடியும். எட்டாகியும் பால் அசையவில்லை. பஞ்சலிங்கம் காற்றுவாயை முழுதாகத் திறந்து பனைமட்டையைத் திணித்தார். மேல்தட்டு மங்கலாகச் சிவந்தது.

குணலட்சுமி அடுப்பருகே நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடவில்லை.

"புகை ஒண்டும் மணக்கேல்லை," என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் எழுந்தது. யாரும் பானையைத் தொடவில்லை. பொங்கி வழிய வேண்டும். வழிந்தது.

வெடித்தது.

ஷெல்லடி என்று மூவரும் நிலத்தில் குப்புற விழுந்தார்கள். கைகளால் தலையை மூடி அடுத்த வெடிக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. வெளியே கோழி கிளறிக்கொண்டிருந்தது.

பஞ்சலிங்கம் முதலில் தலை தூக்கினார். மேல்தட்டு ஓரத்திலிருந்து ஓரம்வரை பிளந்திருந்தது. பானை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"தண்ணிதானே படக்கூடாதெண்டு சொன்னனீங்கள்," என்றாள் குணலட்சுமி.

ஐம்பது நாளும் அவர் பாலைத் தண்ணீராக நினைத்ததில்லை. பால் காய்ச்ச நாள் குறித்ததும் அவர்தான்.

"கிழக்காலைதான் பொங்கினது, நல்ல சகுனம், தம்பி," என்றாள் இரத்தினம்மா, நிலத்தில் கிடந்தபடியே.

பிளவிலிருந்து புகை வந்தது. முதலில் நூல்போல. பிறகு தட்டு நீளத்துக்கு. பஞ்சலிங்கம் எழுந்து உள்ளங்கையால் அதை அழுத்தி மூடினார். தோல் பொரிந்தது. கையை எடுக்கவில்லை. குணலட்சுமி அவருடைய தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

முற்றத்தில் அவள் குந்தினாள். மூச்சு விசில்போல் கேட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதைக்க வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். அடுத்த மூச்சு இன்னும் வரவில்லை.