ஆறாவது விலாங்கு

காந்தாவுக்கு இன்னும் ஒரே ஒரு விலாங்கு வேண்டியிருந்தது. ஐந்தை அளந்து முடித்திருந்தாள். ஆறாவதும் முடிந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை அண்ணன் கோபால் வந்து அவளைச் சொந்த ஊரான கண்ணமங்கலத்துக்கு அழைத்துப் போகப்போகிறான். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் படித்தது போதும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். எல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்றார் அப்பா.

மலைப்பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்கள் கிடந்த அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் ஒரு தராசும் வைத்துக்கொண்டு மூன்று மாதமாகத் தங்கியிருந்தாள். ஒன்றில் ஓடைத் தண்ணீர், மற்றதில் கடலளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர்.

விலாங்கு கடலில் பிறந்து, ஆறேறி மலையோடைக்கு வந்து வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். ஓடையில் அது தண்ணீர் குடிப்பதே இல்லை. தானாக உள்ளே புகும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கும். கடலுக்குப் போனால் எல்லாம் தலைகீழ். உப்பு அதன் உடம்பின் நீரை இழுக்கும். அது கடல்நீரையே குடித்து, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளிப் பிழைக்க வேண்டும். உடம்பு அதற்குப் பழகச் சில நாளாகும். முதல் நாள் எடை குறையும், பிறகு மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் காந்தா ஐந்து முறை பார்த்திருந்தாள். உடம்பு பழகும்வரை மீனைக் காப்பது அதன் மேலிருக்கும் கொழகொழப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பாஞ்சாலை குடத்தோடு வந்தாள். ஓடைக்கரையில் சாமை விதைக்கிறவள். காந்தா எத்தனை முறை மறுத்தும் அவளுக்கு இவள் டீச்சரம்மாதான். கல்யாண விருந்துக்குப் பாம்பைத் தேடுகிற பொண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாரம் முழுக்கக் கேலி செய்தவள், மூன்று நாள் மழையில் நனைந்து பிடித்திருக்கிறாள்.

"வழுக்கினு போவுது டீச்சரம்மா. சாம்பலத் தொட்டு நல்லா உருவிக் கழுவிக்கினு வந்தேன். எப்டி சுத்தமா கீது பாரு."

மலையில் விலாங்கைப் பிடித்தால் எல்லோரும் செய்வது அதுதான். காந்தா குடத்துக்குள் பார்த்தாள். கொழகொழப்பெல்லாம் போய், தோல் மங்கி, சொரசொரவென்று இருந்தது.

ஒரு வாரம் ஓடைத் தண்ணீரில் விட்டால் கொழகொழப்பு மறுபடி ஊறிவிடும். அது அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் அவளிடம் இல்லை. அவள் பாஞ்சாலையின் கைகளைப் பிடித்து நன்றி சொன்னாள். பாஞ்சாலை படி இறங்கியதும் மீனை எடை போட்டாள். உப்புத் தொட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். யாருக்கும் இங்கே அவகாசம் தரப்படவில்லை, இதற்கு மட்டும் ஏன் என்று ஒரு கசந்த எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தோடேயே மீனை உள்ளே விட்டாள்.

புதன்கிழமை எடை, மற்ற ஐந்துக்கும் முதல் நாள் குறைந்ததைப் போல இரண்டு மடங்கு குறைந்திருந்தது. அப்போதாவது எடுத்து ஓடைத் தண்ணீரில் விட்டிருக்கலாம். நாளை ஏறிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்பாவின் குரல் போலவே இருந்தது அது.

வியாழன் காலை அது தொட்டியின் அடியில் தோல் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் அத்தனை தண்ணீர் இருக்க, வற்றிப்போய்ச் செத்திருந்தது. காந்தா அழவில்லை. ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மீனைக் கொன்றது சாம்பல் இல்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பாஞ்சாலை வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சி? நா உசுரோடதானே குடுத்தேன்."

"உசுரோடதான் குடுத்தீங்கக்கா. நல்லாத்தான் குடுத்தீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பாஞ்சாலை அவளருகே குந்தினாள்.

"போனா போவுது வுடு. அடுத்த மழைக்கு இன்னொண்ணு புடிச்சித் தர்றேன். வருவ இல்ல?"

சாம்பல் போடாதீர்கள், ஈரத்துணியால் பிடியுங்கள் என்று சொல்லக் காந்தா வாயெடுத்தாள். அடுத்த மழைக்கு வருகிறவள் சொல்ல வேண்டியது அது. பாஞ்சாலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்தா எழுந்து, தராசுத் தட்டைக் கழற்றித் துடைத்துக் கட்டிவைக்கத் தொடங்கினாள்.