ஐந்து நட்டுகள்

விடியுமுன்பே எத்திராஜின் விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஜோகுபாளையத்து டிசம்பர் பனியில் கார் பானட்டின் இரும்பு கையைக் கடித்தது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பட்டறையின் வழக்கம் அது. நட்டு யார் பையில் இருக்கிறதோ, அவன் திருப்பி மாட்டும்வரை வண்டிக்கு உயிர் கிடையாது. ஐந்து வண்டிகள். மூன்று நட்டு அவனிடம், இரண்டு கூட வேலை செய்யும் பாலகுமாரிடம்.

கார் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த சிவப்பு வயரை இழுத்து வைத்தான். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வர வேண்டும். பியூஸ் இல்லை.

போன செவ்வாய்க்கிழமையும் இல்லை. "டைரக்டா குடு" என்றார் முதலாளி முனிகிருஷ்ணன். எத்திராஜ் கொடுத்தான். தகரத் துளைக்கு ரப்பர் வளையமும் இல்லாமல் வயரை நுழைத்தான். பாட்டைச் சோதிக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தவன் பட்டறையின் இன்னொரு ஆள் பச்சைமுத்து. ரோட்டில் வண்டி குலுங்க, தகர விளிம்பு வயரின் தோலை அறுத்தது. கால்மிதிக்கு அடியில் புகை. பச்சைமுத்து வெறுங்கையால் வயரைப் பிடித்து இழுத்தான். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான்.

ஏழு மணிக்கு முனிகிருஷ்ணன் ஒரு தாளோடு வந்தார்.

"பியூஸ் வந்துச்சா சார்?"

"வர்றப்போ வரும். ஒன்பதுக்குப் பார்ட்டி வந்துடுவாங்க, டைரக்டா குடு. மொதல்ல இதுல சைன் போடு."

பச்சைமுத்து யாரையும் கேட்காமல் தானே வயர் கொடுத்தான் என்றது தாள். கீழே ஏற்கெனவே பாலகுமாரின் கையெழுத்து. பாலகுமார் தலையைத் தூக்கவில்லை.

"அவன் அந்த வயரைத் தொடவே இல்ல சார். போட்டது நானு."

"ஓ. அப்ப உன் பேரை எழுதட்டுமா? போலீசுக்கு யார் பேரா இருந்தா என்னா?"

"பியூஸ் வேணாம்னு சொன்னது நீங்க."

"நானா? யார்றா கேட்டது?"

"நான் கேட்டேன்." மேசையில் வயர்களுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த ஷோபா சூட்டுக்கோலைக் கீழே வைத்தாள். "இங்கதான் உக்காந்திருந்தேன்."

"ஏய், சும்னே இரு! வாய மூடு! வேலை செய்ய வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா?"

"ரெண்டும் செய்வேன் சார்."

எத்திராஜ் தாளைத் திருப்பினான். வெற்றுப் பக்கத்தில் எழுதினான்: வயர் போட்டவன் எத்திராஜ். பியூஸ் இல்லாமல் போடச் சொன்னவர் முதலாளி. கையெழுத்திட்டான். ஷோபா கீழே தன் பெயரை எழுதினாள்.

பிறகு சட்டைப்பையைக் காலிசெய்தான். மூன்று நட்டுகள் ஷோபாவின் டிபன் மூடியில் கணகணவென்று விழுந்தன.

"என்னடா, மிரட்றியா? தெருவுக்குத் தெரு நட்டு கெடைக்கும்டா!"

"கெடைக்கும் சார். மாட்றதுக்கு ஆளு?"

முனிகிருஷ்ணன் பாலகுமாரைப் பார்த்தார். "டேய், நீ வா. அஞ்சு வண்டியும் நீயே முடி."

பாலகுமார் வந்தான். தாளைத் திருப்பித் தன் பழைய கையெழுத்தைக் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தான். மறுபக்கம் ஷோபாவின் பெயருக்குக் கீழே புதிதாகப் போட்டான். அவனுடைய இரண்டு நட்டுகளும் மூடியில் விழுந்தன.

"மூணு பேரும் வெளிய போங்கடா!"

யாரும் நகரவில்லை. ஐந்து பானட்டுகளும் திறந்தே கிடந்தன. வாசலில் பார்ட்டியின் ஹாரன் அடித்தது. ஷோபா டிபன் மூடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல பியூஸ் வரட்டும் சார்," என்றான் எத்திராஜ். "அப்புறம் நாலு பேரும் சேந்து ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீங்களுந்தான்."