பிள்ளைகள் பெட்டி

கண்டிக்குப் போய்வந்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர். "சுப்புலட்சுமி கொடுத்து வச்சவ, கடல் தாண்டி ராசா இருந்த ஊரெல்லாம் பாத்திருக்கா" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு எரியும்.

ஐம்பத்தாறாம் வருஷம், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் பலவேசத்துக்குச் சிவகாசியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. பக்கத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குக்கூட எங்களைக் கூட்டிப் போகாத மனுஷன். கேட்டால் சீசன் என்பார், லோடு ஏற்ற வேண்டும் என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பிள்ளைகளுக்குக் கண்டியைக் காட்டிட்டு வருவமா? ஏரி இருக்கு, அரமணை இருக்கு, யானை ஆத்துல குளிக்கிறதைப் பாக்கலாம்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

மகள் சொர்ணத்துக்கு ஏழு வயது, மகன் காளிராஜனுக்கு நாலு. இரண்டு பேர் துணியையும் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் அடுக்கினேன். "பூட்டுறதை நான் பூட்டிக்கிடுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிறாராம். அதற்கும் நான் பூரித்துப்போனேன்.

விருதுநகரில் ஒரு வண்டி, மதுரையில் ஒரு வண்டி என்று மாறி மாறிப் போனோம். சொர்ணம் அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பலகையில் இடம் இருந்தும் கீழே பெட்டி மேல்தான் உட்காருவேன் என்றாள். தூக்கம் வந்தபோதும் அதன் மேலேயே சுருண்டு கிடந்தாள். "என்ன பிடிவாதம்ட்டி உனக்கு?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். மானாமதுரை தாண்டியதும் இன்ஜினிலிருந்து ஒரு கரிக்கங்கு ஜன்னல் வழியாக வந்து அவள் மடியில் விழுந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் துள்ளி எழுந்து உதறியிருக்கும். இவள் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையை விரித்துப் பார்த்தால் கொப்புளம். உதறத் தெரியாத மக்கு என்று அதற்கும் திட்டினேன்.

ரயிலை விட்டுக் கப்பல் ஏறி, அக்கரையில் இறங்கியதும் தலைமன்னாரில் சுங்கச் சோதனை. அதிகாரி எங்கள் பெரிய பெட்டியைத் திறந்து என் சேலைகளையெல்லாம் கிளறிப்போட்டார். பிறகு சின்னப் பெட்டிக்கு வந்தார். அதன் மேல் சொர்ணம், அவள் மடியில் தம்பி. "பேரு என்ன பாப்பா?" என்று கேட்டார். எழுந்திருக்காமலே பெயரைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் பெட்டியில் சாக்பீஸால் குறி போட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். பாசம் என்று நினைத்தேன்.

கண்டியில் சங்கையா அண்ணாச்சி கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள். அவர்தான் எங்களுக்கு அறை பார்த்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் ஊர் பார்க்கக் கிளம்பினோம். அரண்மனை முன்னால் நின்று, "கடைசியா ஆண்ட ராசா நம்ம மதுரைப் பக்கத்து வம்சம், தெரியும்லா?" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார், ஏதோ சொந்தத் தாய்மாமனைச் சொல்வது போல. காளிராஜன் ஏரியில் ஆமை தலையை நீட்டும்போதெல்லாம் கை தட்டினான். சொர்ணம் எதையும் பார்க்கவில்லை. "ரூமுக்குப் போவம்மா" என்று முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். உச்சி நேரத்தில், அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் கழன்றுகொண்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் காளிராஜன் ஏரிப் படியில் வழுக்கி முழுக்க நனைந்துவிட்டான். அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். துணி மாற்ற வேண்டும், பெட்டிச் சாவியோ அவர் மடியில். பிள்ளை குளிரில் நடுங்குகிறான். வாசலில் கிடந்த கல்லை எடுத்துவந்து பூட்டைத் தட்டக் கையை ஓங்கினேன்.

சொர்ணம் ஓடிவந்து பெட்டி மேல் விழுந்தாள். "தட்டாதம்மா. வெடிச்சிரும்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கல்லைக் கீழே வைக்கக்கூடப் பயமாக இருந்தது. பிள்ளைகள் இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டு, கொண்டை ஊசியை விட்டு மெல்லப் பூட்டை நெம்பித் திறந்தேன். மேலே இரண்டு பாவாடை, இரண்டு சட்டை. அடியில் பூராவும் எங்கள் கம்பெனி வெடி. சரவெடி, ஒற்றை வெடி, புதிதாகப் போட்ட ரகம் எல்லாம் மாதிரிக்கு நாலு நாலாக, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி. அடைபட்ட மருந்து வாசனை முகத்தில் அடித்தது.

"உனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"அப்பாதான் சொன்னாக. அம்மாகிட்டச் சொல்லக் கூடாதாம். பெட்டியவிட்டு எந்திரிக்கக் கூடாதாம். நான் உக்காந்திருந்தா ஆபீசர் தெறக்க மாட்டாராம்."

"கங்கு விழுந்தப்ப?"

"எந்திரிச்சா பெட்டி மேல விழுந்திருமேம்மா" என்றாள்.

எம். புதுப்பட்டியில் பட்டாசு ஷெட் வெடித்துச் செத்தவர்களை வண்டியில் கொண்டுவந்தபோது தெருவில் நின்று பார்த்தவள் அவள். வெடி என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் ஒன்றரை நாள் அதன் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நான் அந்தத் தலையில்தான் குட்டியிருக்கிறேன்.

குளிக்கிற இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து பெட்டிக்குள் ஊற்றினேன். இன்னும் இரண்டு வாளி பிடித்து ஊற்றினேன். காகிதம் கரைந்து, மருந்து கசிந்து, துணியெல்லாம் கறுப்பாகிவிட்டது. அப்போதுதான் இவர் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு, மாதிரி காட்ட, சிரித்துக்கொண்டே வந்தார்.

"அடி பாவி, ஆர்டரே போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைக போயிருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்று கேட்டேன்.

"முறைப்படி அனுப்பணும்னா பெர்மிட் வரவே ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். அதான் ஒண்ணும் ஆகலைல்லா?"

சங்கையா அண்ணாச்சி எனக்காகப் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கோவப்படாதம்மா. உங்க ஊர்ல இருந்து வர்றவுக எல்லாரும் பிள்ளைக பெட்டியிலதான் கொண்டாராக. போன மாசங்கூட ஒருத்தர் கைப்பிள்ளை தொட்டில்ல வச்சுக் கொண்டாந்தாரு."

ஊரே இப்படித்தான் என்றால் சரியாகிவிடுமா? கைப்பிள்ளை தொட்டிலாம். அண்ணாச்சி கையிலிருந்த வெற்றிலைச் செல்லத்தைப் பிடுங்கி அவர் முகத்திலேயே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தப்படுகிறேன். யானையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. அன்று சாயங்கால வண்டியிலேயே பிள்ளைகளோடு கிளம்பினேன். வேறு வழியில்லாமல் இவரும் பின்னாலேயே வந்தார்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் இருக்கும். கண்ணுச்சாமி வாத்தியார் சொர்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் கூடத்தில் உட்கார்ந்து லேபிள் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து பாப்பா ஒரு மாதிரியா இருக்கு" என்றார் வாத்தியார். "பெஞ்சில உக்காருறதுக்கு முன்னால குனிஞ்சு அடியில பாக்குது. ஒவ்வொரு தடவையும் பாக்குது. பிள்ளைகள்லாம் கேலி பண்ணுதுக. எங்கயாச்சும் பயந்துருச்சா?"

இவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். இவர் லேபிளைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா சார், கண்டிக்குப் போயிருந்தம்லா, அங்கன பாம்பு ஜாஸ்தி. அதப் பாத்துப் பயந்துட்டா" என்றார். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

வாத்தியார் குனிந்து, "பாம்பாம்மா?" என்று கேட்டார்.

சொர்ணம் அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமா சார், பாம்பு" என்று தலையாட்டினாள்.

"பாம்பு இல்ல சார், உக்காருங்க" என்றேன். இவர் அவசரமாக எழுந்து என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொர்ணத்தை இழுத்து என் மடியில் உட்காரவைத்துக்கொண்டு, வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து சொன்னேன்.